கொடுங்கோலனும் மெரெங்கேயும்

பாவி சீராட்டிய கலையை ரசிப்பது பாவமாகுமா? டொமினிக்கன் குடியரசின் மெரெங்கே இசை இந்தக் கேள்வியை எழுப்புகிறது.

ஒரு பக்கம் கையாலும் மறுபக்கம் குச்சியாலும் அடிக்கும் தம்போரா மேளம். துள்ளி ஓடும் அக்கார்டியன். உலோக உருளையைக் கம்பியால் சுரண்டும் குவீரா. சுரண்டலில் என்ன சங்கீதம் என்பீர்கள்; அது நின்றால் ஆடுகிற காலும் நின்றுவிடும்!

பட்டிக்காட்டுக் கூத்தென்று சீமான்கள் ஒதுக்கியதை, 1930இல் ஆட்சியைப் பிடித்த ட்ரூஹியோ அவர்களுடைய நடனக் கூடங்களிலேயே ஏற்றினான். தன் புகழையும் பாடவைத்தான். 1937இல் ஆயிரக்கணக்கான ஹைட்டியரைக் கொன்று குவித்தவனும் அவனே. ஆனால் மெரெங்கேக்குச் சோறு போட்டவன்தானே அவன்? பெற்றவர்கள் குடியானவர்கள் அல்லவா?

1961 மே 30இல் அவன் சுட்டுக் கொல்லப்பட்டான். ஜனங்கள் மெரெங்கேயைத் தலைமுழுகவில்லை. ஆட்டுக்கடா செத்ததென்று புதுப்பாட்டுக் கட்டி ஆடினார்கள், அதே தாளத்தில்.