பிறர் மனத்தில் நுழையலாமா?

துன்பத்தால் துடிக்கும் ஒருவரின் மனத்தில் இன்னொருவர் தம் சொல்லால் நுழைந்து, அத்துன்பத்தைத் தணிப்பது தர்மமா? தீவிர சிகிச்சைப் பிரிவில் எழும் இந்தக் கேள்வி, மனத்தை ஆராயும் சாதகர்களுக்கும் உரியதே.

மூச்சுத் திணறுபவருக்கு மூக்கையும் வாயையும் இறுக மூடும் முகக்கவசத்தின் வழியே, கருவி கொண்டு காற்றை அழுத்தத்துடன் செலுத்துவதுண்டு. தொண்டையில் குழாய் செலுத்தும் நிலையைப் பலருக்கு இது தவிர்க்கிறது. 2020, 2021 பெருந்தொற்றுக் காலத்தில் நம் நாட்டின் எத்தனையோ குடும்பங்கள் இதை அறிய நேர்ந்தது. ஆனால் உயிர் காக்கும் அக்கவசமே நோயாளிக்குத் தம்மை மூச்சடைக்கச் செய்வதாகத் தோன்றிவிடுகிறது. அச்சத்தால் மூச்சு விரைகிறது. விரையும் மூச்சு கருவியின் தாளத்தோடு மோதுகிறது. அதனால் அச்சம் மேலும் பெருகுகிறது. அமைதியூட்டும் மருந்துகளைத் தாராளமாகக் கொடுக்கவும் இயலாது. அவற்றுள் பல சுவாசத்தையே தளர்த்துபவை.

இங்குதான் ஹிப்னாடிசம் எனப்படும் மனோவசியம் துணை முறையாக வருகிறது. மருத்துவர் தாழ்ந்த குரலில் பேசி, நோயாளியின் கவனத்தை ஒருமுகப்படுத்துகிறார். முகத்தில் மோதும் காற்றைக் கடற்கரைக் காற்றாகப் பாவிக்கச் சொல்கிறார். நோயாளி உறங்குவதில்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எல்லோரும் இதற்கு ஒரே அளவில் இணங்குவதுமில்லை.

இம்முறைக்கும் பாரதத்திற்கும் பழைய தொடர்பு உண்டு. வங்காளத்தின் ஹூக்ளியில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல், 1845-இல் இதன் முன்னோடியான 'மெஸ்மெரிசம்' கொண்டு அறுவை சிகிச்சை செய்தார். ஈதர் மயக்க மருந்து பாஸ்டன் நகரில் 1846-இல் பலரறியச் செய்து காட்டப்படுவதற்கு முந்தைய நிகழ்ச்சி அது. கத்தியின் வேதனையிலிருந்து பலரை அவர் காத்தார். எனினும் அவர் முதலில் அம்முறையைக் கையாண்டது சிறைக் கைதி ஒருவரிடம். வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் அக்கைதிக்கு எவ்வளவு இருந்திருக்கும்? நன்மை செய்யும் கையிலும் அதிகாரம் ஒளிந்திருக்கலாம் என்பதற்கு இது சான்று.

சுவாமி விவேகானந்தர் 1896-இல் வெளிவந்த 'ராஜயோக' நூலில் மனோவசியத்தைக் கடுமையாக எச்சரிக்கிறார். மனத்தைத் தன் சொந்த வலிமையால் அடக்குவது யோகம். பிறருடைய சங்கல்பத்துக்கு அதை ஒப்படைப்பது, படிப்படியாக மனவலிமையை இழப்பதில் முடியும் என்பது அவரது கருத்து. அப்படியானால் மூச்சுக்குப் போராடுபவரிடம் இதைச் செய்வது பிழையா?

ஓர் ஆராய்ச்சி இங்கே துணை செய்கிறது. 1997-இல் மான்ட்ரியால் நகரில் பியேர் ரென்வில் குழுவினர் ஒரு சோதனை நடத்தினர். சிலர் தம் கையைச் சுடுநீரில் வைத்திருக்க, மனோவசியத்தில் அவர்களுக்குக் குறிப்புகள் தரப்பட்டன. சூட்டின் கடுமை ஏறத்தாழ அப்படியே உணரப்பட்டது; அது தந்த துன்பமோ குறிப்புக்கேற்பக் கூடியது, குறைந்தது. துன்ப உணர்வோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் இயக்கமும் அதற்கேற்ப மாறியது. வலி வேறு, வலியைப் பற்றி மனம் படும் துயரம் வேறு. தட்பவெப்பங்கள் வந்து போகின்றவை, அவற்றைப் பொறுத்துக்கொள் என்று கீதையில் பகவான் அர்ஜுனனுக்கு உபதேசிப்பதும் இந்த இடைவெளியில் நிற்கக் கற்பதற்காகவே. சாதகர் பல ஆண்டுப் பயிற்சியால் அங்கே வந்து சேர்கிறார். மூச்சுத் திணறுபவருக்கு அத்தனை ஆண்டுகள் இல்லை. அவரைக் கைப்பிடித்து அங்கே சற்று நிறுத்துவது கருணையே.

ஆனால் அந்தக் கருணைக்கு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, உண்மை. காற்றைக் கடற்காற்றாகப் பாவிப்பது பொய்யாகாது. அது பாவனை என்று இருவரும் அறிவர். நோயின் நிலையை மறைத்து, 'உமக்கு ஒன்றுமில்லை' என்று மனத்தில் பதிப்பதோ வஞ்சனை. இரண்டாவது, விழிப்பு. நோயாளியின் தவிப்பு சில வேளைகளில் கவசம் சரியாகப் பொருந்தாததை, அல்லது நோய் முற்றுவதை அறிவிக்கும் மணி. காரணத்தை ஆராயாமல் மணியோசையை மட்டும் அடக்குவது ஆபத்து. மூன்றாவது, சுதந்திரம். கவசத்தை விலக்கும் கை அச்சத்தால் விலக்குகிறதா, 'இனிப் போதும்' என்று தெளிந்து விலக்குகிறதா? தெளிந்த மனத்துடன் சிகிச்சையை மறுக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றுள்ளது. அச்சத்தைத் தணிக்கலாம், தெளிந்த முடிவை வசியத்தால் மாற்ற முயல்வது, எவ்வளவு அன்போடு செய்தாலும், அத்துமீறல்.

இங்கே சுவாமிஜியின் எச்சரிக்கை தடையாக நிற்கவில்லை; வழிகாட்டியாக நிற்கிறது. நோயாளியின் சம்மதத்தோடு தொடங்கி, அந்த அமைதியைத் தாமே வரவழைத்துக்கொள்ளும் பயிற்சியை அவருக்குக் கற்றுத்தந்து விலகுபவர், அவரது மனத்தைப் பறிக்கவில்லை. அதை அவரிடமே திருப்பித் தருகிறார். ஊன்றுகோல் தந்தவரின் சேவை, நடப்பவர் அதைக் கீழே வைக்கும் நாளில்தான் நிறைவு பெறுகிறது.