சன்னதும் வார்த்தைப்பாடும்



பரீட்சை முடிவு வந்துவிட்டால் அறைவீட்டில் கூட்டம்தான். "சாமி, டாக்டருக்குப் போடலாமா, வக்கீலுக்குப் போடலாமா? எதில் வரும்படி அதிகம்?" கேட்பவர்கள் பெற்றோர், பிள்ளையைக் காணோம். கேட்பது பிழையன்று, கடன் வாங்கிப் படிக்க வைப்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் அதற்கு முன்னால் வேறொரு கேள்வி உண்டு: வக்கீல் தொழில் வக்கீலுக்கா சொந்தம்?

முற்காலத்தில் தொழில் பிறப்போடு வந்தது. தச்சன் மகன் தச்சன். (நம் ஆண்டவரையும் அப்படித்தானே அழைத்தார்கள்!) பரீட்சை எழுதிச் சன்னது பெறும் தொழில்கள் நம் பக்கத்தில் வேரூன்றியது 19-ம் நூற்றாண்டில்தான். இவற்றுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் 'புரொபெஸ்ஸியோ' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. திருச்சபையில் அதன் பொருள் என்ன தெரியுமா? துறவிகள் சபையறியக் கொடுக்கும் வார்த்தைப்பாடு! மடத்துச் சொல் கச்சேரிக்குப் போயிற்று. பொருளும் கூடப் போயிற்றா?

ஒட்டப்பிடாரம் வ. உ. சிதம்பரம் பிள்ளையைப் பாருங்கள். கப்பலோட்டியவர் என்றே நாம் அறிவோம். பிழைப்புக்கு அவர் வக்கீல். 1908-ல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களோடு நின்றார். பாபநாசத்தில் நம் தாமிரபரணி நீரின் விசையால் ஆலை ஓட்டிய அதே ஹார்வி கம்பெனியாரின் ஆலை அது. (ஞாயிறு பூசைக்கு வராமல் தூங்குகிறவர்கள், அந்த விடுமுறை எப்படிக் கேட்கப்பட்டது என்று கவனிக்க.) அவ்வாண்டே திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட்டில் இராஜத்துரோகக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். சன்னதும் பறிபோயிற்று. 1912 டிசம்பரில் வெளியே வந்தவருக்குத் தெரிந்த தொழிலைச் செய்ய அனுமதியில்லை. வெகுநாள் வறுமைக்குப் பின், வாலேஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்!

சன்னதைக் கொடுத்ததும் எடுத்ததும் சர்க்கார். ஆலைத் தொழிலாளரோடு நின்றபோது அவர் காப்பாற்றிய வார்த்தையை எந்த சர்க்கார் எடுக்க முடியும்? 1303-ல் மரித்த அர்ச். ஈவோவும் ஏழைகளுக்காக வழக்காடிய வக்கீல்தான். திருச்சபை அவரை வக்கீல்களின் பாதுகாவலராக வைத்திருக்கிறது.

"சாமி, அவர் பெண்டு பிள்ளைகள் பட்ட பாடு?" என்பீர்கள். நியாயமான கேள்வி. ஈவோ குருவானவர், அவருக்குக் குடும்பமில்லை. பிள்ளையவர்களுக்கு இருந்தது. வார்த்தை கொடுத்தவர் ஒருவர், பட்டினி கிடந்தவர்கள் பலர். இதற்குச் சுலபமான விடை என்னிடம் இல்லை. வரும்படியே வேண்டாம் என்று போதிக்கவும் எனக்கு மனமில்லை.

இந்த வாரம் சிபாரிசுக் கடிதத்துக்கு வருகிறவர்கள் பிள்ளையையும் கூட்டி வாருங்கள். அவனிடமோ அவளிடமோ சற்றுப் பேச வேண்டும்.