அறியாமல் செய்த மாசும் அறிந்தபின் வரும் கடமையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் மாவும் தென்னையும் நெல்லும் பருத்தியும் கரும்பும் விளைகின்றன. இந்நிலங்களில் இடப்படும் உரமும் தெளிக்கப்படும் பூச்சிமருந்தும் நிலத்தோடு நின்றுவிடாமல் நீரிலும் காற்றிலும் கலப்பதை உழவர்கள் எந்த அளவுக்கு உணர்ந்திருக்கிறார்கள் என்னும் கேள்விக்குப் பின்னால், அதைவிடக் கடினமான அறவினா ஒன்று நிற்கிறது: தன் செயலால் விளையும் தீங்கை அறியாதவர் அத்தீங்குக்கு எவ்வளவு பொறுப்பாளி?

ஆலைக்கழிவு குழாய் வழியே வெளியேறுவதால் அதை அளக்கவும் தடுக்கவும் வழக்குத் தொடுக்கவும் இயலும். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் பெரும்பாலும் அத்தகைய மாசையே கருத்தில் கொண்டது. வேளாண் மாசோ பல வயல்களிலிருந்து சிறிது சிறிதாகக் கசிந்து சேர்வது. இதனைப் பரவல் மாசு என்பர். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு தழைச்சத்து உள்ளது. அதில் பயிர் எடுத்துக்கொள்ளாததில் ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறி, மண்துகள்களால் பிடித்துவைக்கப்படாமல், பாசன நீரோடு கிணற்றை அடைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கலாகாது என்பது இந்தியத் தர அளவு. அதை மீறிய நீர் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். நிறமும் மணமும் இல்லாத இப்பொருளைக் கண்டுகொள்ளவில்லை என்று உழவரைக் குறைகூறுவது நேர்மையன்று. மூட்டையை 266 ரூபாய் 50 காசுக்குத் தந்து, மற்ற உரங்களைவிட இதையே மிகுதியாக இடத் தூண்டிய மானியக் கொள்கைக்கும் இதில் பங்குண்டு.

ஆனால் எல்லா மாசும் கண்ணுக்கு மறைந்தது அன்று. மா பூத்திருக்கும்போது தத்துப்பூச்சிக்கு மருந்தடித்தால், மகரந்தம் சேர்க்க வரும் தேனீயும் ஈயும் மடிவதைத் தோப்புக்காரர் பார்க்கிறார். தெளித்த கூலியாள் தலைசுற்றி அமர்வதையும் பார்க்கிறார். கண்டபின்னும் காரணத்தைக் கேளாதிருப்பது அறியாமை ஆகாது, அறிய மறுப்பதே ஆகும். அதற்கு மன்னிப்புத் தேடுவது கடினம்.

எனினும் அறியாமையை உழவரின் தனிக்குறையாகக் கொள்வோர், அவருக்கு அறிவு வந்த வழியை மறந்துவிடுகின்றனர். தென்னையின் கருந்தலைப் புழுவைக் கட்டுப்படுத்த மோனோகுரோட்டோபாஸ் என்னும் கொடிய நஞ்சை வேர் வழியே செலுத்தும் முறையை வேளாண் வல்லுநர்களே பரிந்துரைத்தனர். காய்கறிகளில் அதைப் பயன்படுத்துவதற்கு 2005இல் தடை வந்தது. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் அந்நஞ்சு கலந்த பள்ளி மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் இறந்தனர். அதன் பின்னும் 36 விழுக்காட்டுக் கரைசலுக்கான தடையாணை 2023இல்தான் பிறந்தது. இத்தனை ஆண்டுகள் தயங்கிய அரசு, உழவர் ஒரே நாளில் விழிப்படைய வேண்டும் என எதிர்பார்ப்பதற்கு உரிமையற்றது. பல சிற்றுழவர்களுக்கு உரக்கடைக்காரரே ஆலோசகர். விற்றுப் பிழைப்பவரிடமிருந்து குறைத்து வாங்கும்படி அறிவுரை வருவது அரிது. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது, எஸ்.வி.பி.ஆர். எனத் தொடங்கும் பெயர் கொண்ட பருத்தி இரகங்கள் அங்கிருந்து வந்தவை. விதையை வயல்வரை கொண்டுசேர்க்க முடிந்த ஓர் அமைப்பால், அவ்வயலின் கிணற்று நீரில் உள்ள நைட்ரேட் அளவை உழவருக்குத் தெரிவிக்க இயலாது என்பது ஏற்கத்தக்க வாதம் அன்று.

உழவரின் பொறுப்பை அளக்கும் கோல் அவர்களின் பாசன மரபிலேயே உண்டு. தென்மாவட்டக் கண்மாய்கள் பலவும், ஒன்றின் மிகைநீர் அடுத்ததை நிரப்புமாறு தொடராக வெட்டப்பட்டவை. நீரைப் பங்கிடுவதில் இப்பகுதி மக்களின் அறவுணர்வு பழுத்தது: நீர்ப்பாய்ச்சி எனப்படும் ஊர்ப் பணியாளர் முறைவைத்து மடை திறந்தார், முறை மீறி நீரெடுத்த மேல்மடைக்காரர் கீழ்மடைக்காரரின் பங்கைத் திருடியவராகவே கருதப்பட்டார். இவ்வறம் நீரின் அளவைக் காத்தது, நீரின் தூய்மைக்கு இன்னும் நீளவில்லை. கீழுள்ளவருக்குக் குறைந்த நீரை விடுவது குற்றமென்றால், கெட்ட நீரை விடுவது அதனினும் பெரிய குற்றமே. ஏனெனில் நீர் குறைந்தவர் அதை அறிந்து வழக்காட முடியும், நஞ்சைப் பெறுபவர் தான் இழந்தது என்னவென்றே அறியமாட்டார்.

அடிவாரத்துத் தோப்புகளுக்கு இப்பொறுப்பு கூடுதலாக உண்டு. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட மலைக்காடு பொதுச்செலவில் காக்கப்படுவதால், அத்தோப்புகளுக்கு வரும் நீர் வேளாண் மாசு படாதது. தூய்மையாகப் பெற்றதைக் கெடுத்துக் கீழே அனுப்ப எவருக்கும் உரிமையில்லை.

ஆகவே இதுவரை நேர்ந்த தீங்கின் பழியில் பெரும்பங்கு, அறிந்தும் சொல்லாதிருந்த துறைகளையும் விற்பனையாளர்களையுமே சாரும். அறிந்தபின் நேரும் தீங்கு உழவரையும் சாரும். பூ விரிந்திருக்கும் நாள்களில் மருந்தடிக்காமல் இருப்பதற்கும், தெளிக்கும் கூலியாளுக்குக் கையுறையும் முகக்கவசமும் வாங்கித் தருவதற்கும் புதிய சட்டமோ மானியமோ தேவையில்லை. மாந்தோப்பு உடையவர்கள் வரும் பூப்பருவத்திலேயே இவ்விரண்டையும் தொடங்க வேண்டும்.