பயப்பட ஓர் இடம்

மார்புப் புற்றுநோய்க்கு எனக்குக் கதிர்வீச்சு கொடுத்த கடைசி நாள். "முடிஞ்சிருச்சும்மா. இனி மூணு மாசத்துக்கு ஒருதடவ வந்து காட்டினாப் போதும்" என்றார் மருத்துவர். அம்மா தெருவுக்கே பாயாசம் வைத்துக் கொடுத்தாள். அன்று ராத்திரிதான் பயம் வந்தது.

அறுவை, கீமோ ஊசி, கதிர்வீச்சு என்று ஓடியபோது பயப்பட நேரமில்லை. யாராவது என் உடம்பைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்கள். இப்போது நான் மட்டும்தான் பார்க்கிறேன். முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டதோ, இருமினால் நுரையீரலுக்கோ என்று மனசு ஓடுகிறது. பரிசோதனைத் தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் போகிறது.

"அதான் எல்லாம் முடிஞ்சிருச்சேடி" என்றாள் அம்மா. "தடியடிக்கே அசராத ஆளு நீங்க, இதுக்குப் போயி..." என்றார்கள் தோழர்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அஞ்சுவது அடிமைப் புத்தி என்று மேடையில் முழங்கியவள்தான் நானும். பயத்தை வெட்கக்கேடாக ஆக்கிவைத்தது நாம்தான்.

கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1978இல் புற்றுநோயால் ஒரு மார்பை இழந்தார். பொய் மார்பு வைக்காமல் மருத்துவரிடம் போனபோது, இப்படி வருவது இங்கே மற்றவர்களின் மனத்தெம்பைக் கெடுக்கும் என்று செவிலியர் சொன்னதை 1980இல் வந்த தன் நூலில் எழுதினார். 'தைரியமா இரு' என்பதும் ஒரு பொய் மார்புதான் என்று எனக்குப் படுகிறது. பார்க்கிறவர்கள் சங்கடப்படாமல் இருக்க நான் மாட்டிக்கொள்ள வேண்டியது.

1950இலேயே சட்டம் தீண்டாமையை ஒழித்துவிட்டதே, இன்னும் என்ன என்று ஊர்க்காரர் கேட்டால் நமக்கு எரிகிறது. ஏட்டில் முடிந்தது உடம்பில் முடியவில்லை என்கிறோம். நோய் கண்டவளுக்கும் அந்தப் பதில் பொருந்தும். ஒரு வித்தியாசத்தை மட்டும் மறைக்கக் கூடாது. சாதிக்குக் குற்றவாளிகள் உண்டு, எதிர்த்து நிற்கலாம். என் உடம்பின் செல்லுக்குப் பகையுமில்லை, சூதுமில்லை. அதற்கு எதிராக முழக்கம் போட முடியாது. இந்தப் பயத்துக்கு வேண்டியது துணை.

இப்போது வலி வந்தால் தேதி போட்டு நோட்டில் எழுதுகிறேன். இரண்டு வாரம் தாண்டியும் நின்றால், அடுத்த பரிசோதனைக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போகிறேன். மற்ற ராத்திரிகளில் "எம்மா, பயமா இருக்கு" என்று எழுப்புகிறேன். அம்மா இப்போதெல்லாம் 'முடிஞ்சிருச்சே' என்பதில்லை. "தள்ளிப் படு" என்று பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறாள்.

தோழர்களே, நம் கூட்டத்திலும் அந்த அளவு இடம் வேண்டும். பயமாக இருக்கிறது என்று சொல்ல முடியாத இடத்தில் வேறு எந்த உண்மையைச் சொல்லிவிடப் போகிறோம்?