நாளைய குழந்தைக்கும் இன்றைய வைத்தியருக்கும் என்ன கணக்கு?



வியாபாரத்தில் இருக்கும் நமக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த விஷயம் காதில் விழுந்தாலும், "இதில் முதல் யாருடையது, பலன் யாருக்கு?" என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதே கணக்கைக் கொண்டு இம்முறை ஒரு கேள்வியை ஆராய்வோம். நோயுற்ற குழந்தைகள் வாசலில் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வைத்தியம் செய்யத் தெரிந்த டாக்டர் ஒருவர், தம் நேரத்தில் பெரும் பகுதியை, இன்னும் பிறக்காத குழந்தைக்கு என்றோ ஒரு நாள் பயன்படக்கூடிய ஆராய்ச்சியில் செலவிடுகிறார். இது தர்மமா?

இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பிரெட் ஹட்சின்சன் நிலையத்தில் பிராண்டன் ஹாட்லண்ட் என்று ஒரு டாக்டர் இருக்கிறார். குழந்தைகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சை அவருடைய தொழில். ஆனால் சோதனைச்சாலையில் அவர் ஆராய்வதோ, இரத்தத்தின் மூல அணுக்கள் கருவிலே முதன்முதல் எப்படி உண்டாகின்றன என்பதை. அவரைப் போன்றவர்கள் பல தேசங்களிலும் இருக்கிறார்கள். "கட்டிலில் கிடக்கும் பிள்ளையை விட்டுவிட்டு எலியின் கருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே" என்று நம்மில் யாரேனும் கேட்டால், அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் தீர்ப்புச் சொல்லுமுன் சரக்கு இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சாதவர் நம்மில் குறைவு. அந்த எலும்புக்குள் இருப்பதே மஜ்ஜை. நம் எலும்புக்குள்ளும் அது உண்டு. இரத்தம் அங்கேதான் உற்பத்தியாகிறது என்பதை 1868-இல் எர்ன்ஸ்ட் நியூமன் என்னும் ஜெர்மானிய அறிஞர் எடுத்துரைத்தார். ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாட்களே உயிர் வாழும். அதனால் நம் உடல் நொடிக்குச் சுமார் 20 லட்சம் புதிய சிவப்பணுக்களை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு பெரிய உற்பத்திக்கு முதலாக இருப்பவை மிகச் சில அணுக்கள்தாம். ஆங்கிலத்தில் ஸ்டெம் செல் என்பார்கள். தமிழில் குருத்தணு என்று எழுதுகிறார்கள். 1961-இல் கனடாவின் டொராண்டோ நகரில் டில், மக்கல்லக் என்னும் இருவர் எலிகளை வைத்துச் சோதனை செய்து, இப்படிப்பட்ட அணு உண்டு என்று நிரூபித்தார்கள். குருத்தணு தானும் பெருகும். தன்னிலிருந்து சிவப்பணு, வெள்ளையணு எல்லாவற்றையும் பிறப்பிக்கும். முதல் குறையாமல் வாழ்நாள் முழுவதும் லாபம் கொடுக்கும் கடை அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முதலே பழுதாகிவிட்டால் என்ன செய்வது? தலசீமியா என்னும் நோயுள்ள பிள்ளைக்குச் சிவப்பணு சரியாக அமைவதில்லை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை பிறர் இரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்றும் இரத்தத்திலுள்ள இரும்புச் சத்து இருதயத்திலும் ஈரலிலும் தங்கிவிடும். அதை வெளியேற்றத் தனி மருந்து ஆயுள் முழுவதும் வேண்டும். இந்த மலேசிய நாட்டில் இது அரிய நோய் அன்று. நூற்றுக்கு நான்கைந்து பேராவது இதன் விதையைத் தமக்குத் தெரியாமலே சுமந்து திரிகிறார்கள்.

இதற்கு வேரோடு தீர்வு, பழுதான மஜ்ஜையை அகற்றி நல்ல மஜ்ஜையிலிருந்து குருத்தணுக்களை ஏற்றுவது. நம் பெட்டாலிங் ஜெயாவின் எல்லையோரத்தில், லெம்பா பந்தாயில், அந்நாளில் யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரி என்றும் இந்நாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் என்றும் வழங்கும் ஆஸ்பத்திரி இருக்கிறதல்லவா? மலேசியாவின் முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1987-இல் அங்கேதான் நடந்தது. குழந்தை வைத்தியரான பேராசிரியர் லின் ஹை பெங் அதை முன்னின்று நடத்தினார். தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மாமன் சாண்டியும் அவர் குழுவினரும் 1986-இல் இதைத் தொடங்கினார்கள். நாம் பஸ்ஸிலும் காரிலும் தினம் கடந்து போகும் கட்டிடத்துக்குள் இப்படி ஒரு காரியம் நடந்திருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி ஆட்சேபணைக்கு வருவோம். இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "கடையில் பத்துப் பேர் சாமானுக்கு நிற்கும்போது, முதலாளி பின்கட்டில் போய், நெல் ஆதியில் எப்படி முளைத்தது என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?" நியாயமான கேள்விதான். பணத்தைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம். ஆராய்ச்சிக்குப் போகும் பணத்தில் எத்தனை ஏழைப் பிள்ளைகளுக்கு இரும்பு வெளியேற்றும் மருந்து வாங்கிக் கொடுக்கலாம்!

நாம் இதற்கு மூன்று வகையில் யோசித்துப் பார்க்கிறோம்.

முதலாவது, இன்றைய வைத்தியத்தில் இருக்கும் ஒரு சங்கடம். மஜ்ஜை யாருடையதும் யாருக்கும் பொருந்திவிடாது. பொருத்தம் பார்க்க வேண்டும். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த பிள்ளைகளுக்குள்ளேகூட, ஒருவருக்கொருவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. ஆகவே நோயுற்ற பிள்ளைக்கு ஐந்து வயதுத் தங்கையின் மஜ்ஜை பொருந்தியது என்றால், அந்தத் தங்கையை மயக்கி இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி எடுக்கிறார்கள். எடுத்தது சில வாரங்களில் ஊறிவிடும்; அபாயமும் மிகக் குறைவு. ஆயினும் அந்தச் சிறுமியிடம் சம்மதம் கேட்டவர் யார்? கேட்டாலும் அவளுக்கு என்ன தெரியும்? பெற்றோர் இரு பிள்ளைகளுக்கும் பெற்றோர். ஒரு பிள்ளைக்காக மற்றொரு பிள்ளையின் உடலிலிருந்து எடுக்கும்படி அவர்களே கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. இது தவறு என்று நாம் சொல்லவில்லை. உயிர் காக்கும் காரியம் அது. ஆனால் கொடுப்பவர் அறியாமல் எடுக்கும் கைமாற்று என்பதை மறுக்க முடியாது. பொருந்தும் உடன்பிறப்பு இல்லாத வீட்டின் கதியோ இன்னும் மோசம்.

இதற்கு விடிவு எங்கே இருக்கிறது? நோயாளியின் சொந்த அணுவிலிருந்தே நல்ல குருத்தணுவைச் செய்ய முடிந்தால், தங்கையைக் கேட்க வேண்டியதில்லை. ஜப்பானிய விஞ்ஞானி யாமனாகா 2006-இல் எலியின் தோலணுவையும் 2007-இல் மனிதத் தோலணுவையும் ஆதி நிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2012-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆதி அணுவை இரத்தக் குருத்தணுவாக மாற்ற வேண்டுமானால், உடல் அதை எந்த வழியில் செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும். தாய் வயிற்றில் கரு ஓர் அரிசி மணி அளவே இருக்கும்போது, ஏறக்குறைய நான்காம் வாரக் கடைசியில், பெரிய இரத்தக் குழாயின் உட்சுவரிலிருந்து சில அணுக்கள் பிரிந்து குருத்தணுக்களாகின்றன. அவை ஈரலுக்குச் சென்று பெருகி, பிறகு எலும்புக்குள் குடியேறுகின்றன. நம் இந்திய, வங்காள நீர்நிலைகளில் திரியும் விரல் நீளம்கூட இல்லாத வரிமீனின் குஞ்சு கண்ணாடி போல் இருக்கும். அதற்குள் இந்தப் பிரிவு நடப்பதை 2010-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் கண்ணால் கண்டு படம் பிடித்தார்கள். அந்த வழியை ஒட்டி, 2024-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் மனிதக் குருத்தணுக்களைச் சோதனைச்சாலையில் உண்டாக்கி, எலியின் மஜ்ஜையில் வேரூன்றச் செய்தார்கள். இது இன்னும் வழக்கமான வைத்தியமாகக் கட்டிலருகே வந்து சேரவில்லை. ஆனால் மீன் குஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வீண் வேலை செய்யவில்லை என்பது தெளிவு. நெல் முளைக்கும் விதம் அறிந்தவன் இருந்தால்தானே கடைக்கு அரிசி வரும்?

இரண்டாவது, பழைய பாக்கி. டொன்னல் தாமஸ் என்னும் அமெரிக்க டாக்டர் 1957-இல் ஆறு நோயாளிகளுக்குப் பிறர் மஜ்ஜையை ஏற்றிய செய்தியை வெளியிட்டார். ஆறு பேரில் ஒருவரும் நூறு நாளைத் தாண்டவில்லை. 1960-களில் பலரும் இதைக் கைவிட்டார்கள். தாமஸ் கைவிடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சோதனைச்சாலைக்குப் போய், ஏன் தோற்றது என்று ஆண்டுக்கணக்கில் பிராணிகளை வைத்து ஆராய்ந்தார். பிரான்சில் ஜான் டோசே அணுப் பொருத்தத்தின் இரகசியத்தை 1958-இல் கண்டறியத் தொடங்கினார். 1968-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு பச்சிளங் குழந்தை, உடன்பிறந்தவளின் மஜ்ஜையால் பிழைத்தது. 1990-இல் தாமஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் "நோயாளி காத்திருக்கிறார், ஆராய்ச்சிக்கு நேரமில்லை" என்று இருந்திருந்தால், 1987-இல் லெம்பா பந்தாயில் அந்தச் சிகிச்சை நடந்திருக்குமா?

இங்கேதான் நம் வியாபாரக் கணக்கு ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. வியாபாரத்தில் முதல் போட்டவனே லாபம் எடுப்பான். இதிலோ விலை கொடுத்தவர்கள் ஒருவர். பலன் அடைந்தவர்கள் வேறொருவர். அந்த ஆறு பேருக்கும் நாம் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அவர்களால் கிடைத்த அறிவு எவருக்கும் சொந்தச் சொத்து ஆகாது, அது அமானிதம். நம்மிடம் ஒப்படைத்த பொருளை உடையவரிடம் சேர்க்க முடியாதபோது, அதைக் கெடாமல் காத்து, பின்னால் வருகிறவனிடம் சேர்ப்பதுதான் நேர்மை. வைத்தியர் அந்த அறிவின் முதலாளி அல்லர், காவல்காரர். காவல் என்றால் பூட்டி வைப்பது மட்டுமன்று, வளர்த்துக் கொடுப்பதும் ஆகும்.

மூன்றாவது, இதற்கு ஓர் எல்லை உண்டு. நாளைய பிள்ளைக்காக என்று சொல்லி இன்றைய பிள்ளைக்கு ஒரு மாத்திரை குறையக் கூடாது. முறை நேரத்தில் டாக்டர் கட்டிலருகே இருக்க வேண்டும். அது அந்தக் குழந்தைக்கு அவர் பட்ட கடன். அதைத் தீர்த்த பின்பே ஆராய்ச்சி. பணத்திலும் அப்படியே. மருந்துக்கான பணத்தைப் பிடுங்கி ஆராய்ச்சிக்குக் கொடுப்பது அநியாயம். மருந்துக்குப் போக ஆராய்ச்சிக்கும் ஒரு பங்கு ஒதுக்குவது விவேகம். விதை நெல்லையும் குத்திச் சோறாக்கிவிட்டால் அடுத்த போகத்துக்கு ஒன்றும் இராது. விதைக்கென்று எல்லாவற்றையும் எடுத்து வைத்தாலோ, அறுவடைக்குமுன் வீட்டிலுள்ளோர் பட்டினி கிடப்பார்கள். இரண்டுக்கும் அளவு உண்டு. அந்த அளவைப் பிடிப்பவரே நல்ல வைத்தியர். நல்ல அரசாங்கமும் அதுவே.

இப்படி அவருடைய கணக்கைப் பார்த்துவிட்டு, நம் கணக்கைப் பாராமல் எழுந்து போவது அழகன்று. நாம் மீனையும் எலியையும் ஆராயப்போவதில்லை. ஆனால் நம் கையில் சில காரியங்கள் இருக்கின்றன.

ஒன்று, இரத்த தானம். நம் கடைத்தெருவில் திடகாத்திரமான வாலிபர்கள் எத்தனை பேர்! ஆண்டுக்கு இரண்டு முறை கொடுத்தாலும், தலசீமியாப் பிள்ளை ஒன்றின் சில வாரங்கள் அதில் கழியும். குருத்தணு தானம் செய்ய முன்வருவோருக்கும் இந்நாட்டில் பதிவேடு உண்டு. பொருத்தம் பெரும்பாலும் ஒரே வம்சத்தாரிடையே அமைவதால், நம் ஆட்கள் பதியாவிட்டால் நம் பிள்ளைக்குப் பொருந்துபவர் கிடைப்பது அரிது. பிறர் உறுப்பை ஏற்பது ஆகுமா என்று தயங்குவோருக்கு ஒரு செய்தி: இந்நாட்டுத் தேசிய பத்வாக் குழு 1970-லேயே கண்ணும் இருதயமும் மாற்றுவதை ஆகுமென்று முடிவு செய்திருக்கிறது.

இரண்டு, கலியாணப் பேச்சு. தாய் தந்தை இருவருமே விதையைச் சுமப்பவராக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு பிள்ளைக்குக் கடும் நோய் வரும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் முடிக்கும் குடும்பங்களில் இந்த அபாயம் அதிகம். நான்காம் படிவத்து மாணவர்களுக்கு அரசாங்கமே 2016-இல் சோதனை செய்யத் தொடங்கியது. அதற்குமுன் பள்ளியை விட்டவர்கள் பரிசம் போடுமுன் ஓர் இரத்தச் சோதனை செய்துகொண்டால் யாருக்கும் மானக்குறைவு இல்லை. தங்கம் உரைத்துப் பார்க்கும் நாம், இதைப் பார்க்கத் தயங்கலாமா?

மூன்று, ஏமாறாதிருத்தல். குருத்தணு என்னும் பெயரைச் சொல்லி, சர்க்கரை வியாதி முதல் முதுமை வரை எல்லாம் தீரும் என்று விளம்பரம் செய்வோர் இருக்கிறார்கள். பிறந்த பிள்ளையின் தொப்புள்கொடி இரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்தால் அந்தப் பிள்ளைக்கு எந்த நோயும் தீரும் என்று எண்ணுவோரும் உண்டு. தலசீமியாவோடு பிறந்த பிள்ளையின் தொப்புள்கொடி இரத்தத்திலும் அதே பழுதுதான் இருக்கும். அது அந்தப் பிள்ளைக்கு உதவாது. நோயில்லாத உடன்பிறப்பின் கொடியிரத்தம் பொருந்தினால்தான் பயன் உண்டு. தராசு பிடிக்கும் கைக்கு, குறைந்த எடையைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா?

ஆராய்ச்சிக்கு உட்கார்ந்த டாக்டர், தாம் காணாத குழந்தைக்காக உழைக்கிறார். நாம் கொடுக்கும் ஒரு பை இரத்தமும் நாம் காணாத குழந்தைக்கே போய்ச் சேரும். அடுத்த சங்கக் கூட்டத்தில் இரத்த தான முகாம் ஒன்றுக்கு நாள் குறிக்கலாம் என்பது நம் அபிப்பிராயம். ஒப்புக்கொள்ளும் சகோதரர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறோம்.