கனவின் விலையைச் செலுத்துவது யார்?

பிரான்சின் நடுப்பகுதியில் க்ரூஸ் என்றொரு மாவட்டம் இருக்கிறது. குன்றுகளும் மேய்ச்சல் நிலங்களும் ஓடைகளும் சூழ்ந்த அமைதியான நாட்டுப்புறம் அது. 1851-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2,87,000 மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். இன்று வாழ்வோர் ஏறத்தாழ 1,15,000 பேர்தான். இளைஞர்கள் நகரங்களை நாடிப் போய்விட, கருங்கல்லால் கட்டிய பல வீடுகள் சாத்திய சன்னல்களோடு நிற்கின்றன.

இத்தகைய வீடுகளைத் தேடிக் கடல் கடந்து வருவோரும் உண்டு. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பிரித்தானியக் குடும்பங்கள் பல பிரான்சின் நாட்டுப்புறங்களில் குடியேறின. சொந்த நகரத்தில் ஒரு சிறு குடியிருப்புக்கு ஆகும் தொகையில் இங்கே தோட்டத்தோடு கூடிய வீடே கிடைத்தது. 2020 ஜனவரி 31 அன்று பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு இவ்வழி குறுகிவிட்டது. 2021 முதல், 90 நாட்களுக்கு மேல் தங்க விரும்பும் பிரித்தானியர் நீண்டகால விசா பெற்றாக வேண்டும். ஆயினும் வருவோர் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அவர்களை அழைத்து வருவது பேராசை அன்று. நகரத்தின் ஓயாத ஓட்டமும், விழித்திருக்கும் குழந்தையின் முகத்தைப் பார்க்கவும் விடாத பணிச்சுமையும் அவர்களைச் சலிப்படையச் செய்கின்றன. குறைந்த பொருளோடு நிறைந்த மனத்துடன் வாழ வேண்டும் என்ற ஏக்கம் பிறக்கிறது. இந்த ஏக்கத்தை யாரும் குறை கூற இயலாது.

ஆனால் அவர்களோடு பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். கனவு கண்டவர்கள் பெற்றோர். அக்கனவின் பொருட்டு நண்பர்களையும், பழகிய பள்ளியையும், தாத்தா பாட்டியின் அண்மையையும், வகுப்பறையில் தாய்மொழியையும் விட்டு வருபவர்கள் பிள்ளைகள். ஒருவருடைய கனவுக்காக இன்னொருவருடைய வேரைப் பெயர்த்தெடுப்பது அறமாகுமா?

ஒரே வீடு, இரண்டு பயணங்கள்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். மகளுக்கு வயது ஆறு, மகனுக்குப் பதின்மூன்று. கார் ஒன்று, சாலை ஒன்று, போய்ச் சேரும் வீடும் ஒன்று. எனினும் இருவரும் மேற்கொள்வது வெவ்வேறு பயணங்கள்.

பிரான்சில் மூன்று வயது முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். தொடக்கப் பள்ளி கிராமத்தின் பொறுப்பில் உள்ளது. பிள்ளையின் பெயரைப் பதியப் பெற்றோர் மேயர் அலுவலகத்துக்குத்தான் செல்வார்கள். சிற்றூர்ப் பள்ளிகளில் இரண்டு மூன்று வகுப்புகள் ஒரே அறையில் ஓர் ஆசிரியரிடம் படிப்பதுண்டு. அந்த அறையில் மகள் சில வாரங்களோ சில மாதங்களோ பேசாதிருக்கலாம். பிறகு ஒருநாள் விளையாட்டுக்கு நடுவே அவள் வாயிலிருந்து ஒரு பிரெஞ்சுச் சொல் தானாக வெளிவரும். கூட இருக்கும் குழந்தைகளும் இப்போதுதான் எழுத்துக் கற்கிறார்கள். அவள் அதிகம் பின்தங்கியவள் அல்லள்.

மகனின் நிலை வேறு. அவன் பேருந்தில் ஏறிப் பக்கத்துச் சிறுநகரத்தின் நடுநிலைப் பள்ளிக்குச் செல்கிறான். அங்கே வரலாற்றுக் கேள்விக்குக் காரணம் காட்டி எழுத வேண்டும். அறிவியல் சோதனையைச் சொந்தச் சொற்களில் விளக்க வேண்டும். கனடாவில் குடியேறியோரின் குழந்தைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர், அன்றாடப் பேச்சைக் கற்க ஏறத்தாழ 2 ஆண்டுகள் போதும் என்றும், பாடங்களுக்குரிய மொழியில் சக மாணவரை எட்ட 5 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம் என்றும் காட்டினார். ஆறு வயது மகளிடம் அந்த ஆண்டுகள் இருக்கின்றன. பதின்மூன்று வயது மகனிடம் இல்லை. நடுநிலைப் பள்ளியின் இறுதியில் நாடு தழுவிய தேர்வு காத்திருக்கிறது. நேற்று வரை வகுப்பில் முதலில் கையுயர்த்தியவன், நகைச்சுவைக்குப் பெயர் பெற்றவன், இன்று ஊமைபோல் அமர்ந்திருக்கிறான். அறிவு குறைந்துவிடவில்லை, அதை எடுத்துச் சொல்ல நாவில் சொல் இல்லை. புதிதாக வரும் மாணவருக்குப் பிரெஞ்சு கற்பிக்கத் தனி வகுப்புகளை அரசு நடத்துகிறது. ஆனால் அத்தகைய மாணவர் பலர் சேரும் நகரங்களில்தான் அவை பெரும்பாலும் அமைகின்றன.

பதினைந்து வயதில் மேல்நிலைப் பள்ளி. நாட்டுப்புறத்தில் அது தொலைவில் இருக்கலாம். அப்போது பிள்ளை திங்கட்கிழமை விடுதிக்குச் சென்று வெள்ளிக்கிழமை மாலைதான் வீடு திரும்புவான். குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே நகரத்தை விட்டு வந்தவர்களின் உணவு மேசையில் வாரத்தில் நான்கு இரவுகள் ஒரு நாற்காலி காலியாக இருக்கும்.

இன்னும் ஒன்று உண்டு. பிள்ளைகள் மொழியைப் பிடித்துக்கொள்ள, பெற்றோர் பின்தங்குகிறார்கள். மருத்துவரிடமும் வங்கியிலும் அலுவலகங்களிலும் மகளையே மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். வந்து சில ஆண்டுகளில், தாயின் நோயை அவளே முதலில் கேட்கிறாள். தந்தையின் கடனை அவளே முதலில் அறிகிறாள். காக்க வேண்டியவர்களைக் காக்கும் சுமை ஒரு குழந்தையின் தோளில் ஏறிவிடுகிறது. வெளியார் அவளது திறமையைப் புகழ்கிறார்கள். அவள் இழந்தது என்ன என்று எவரும் கேட்பதில்லை.

உடைமை அன்று, பொறுப்பு

புதிய குடும்பத்தைக் கிராமமும் மகிழ்ச்சியோடு வரவேற்கிறது. மாணவர் தொகை குறைந்தால் வகுப்பை மூடிவிடும் அச்சம் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் உண்டு. பட்டியலில் கூடும் இரண்டு பெயர்கள் அவ்வூருக்கு ஆறுதல். பெற்றோருக்குப் பிள்ளைகள் ஒரு கனவின் அங்கம். ஊருக்கு அவர்கள் ஓர் எண்ணிக்கை. இருசாராரிடமும் தீய எண்ணம் இல்லை. ஆயினும் அந்தப் பிள்ளைகளை அவர்களுக்காகவே எண்ணிப் பார்த்தவர் யார்?

எந்த மனிதரையும் வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது. அவரே ஒரு நோக்கம் என்று மதிக்க வேண்டும் என 1785-இல் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் வலியுறுத்தினார். ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையும், தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தை கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்து மதிக்கப்படவும் வழி செய்கிறது. கேட்பது என்றால் கீழ்ப்படிவது என்று பொருள் அன்று. ஆறு வயதுக் குழந்தையால் ஒரு நாட்டை நிறுத்துப் பார்க்க இயலாது. ஆனால் வீட்டை வாங்கி, வேலையை விட்டு, சாமான்களையும் கட்டி முடித்த பிறகு பதின்மூன்று வயது மகனிடம், 'உனக்குச் சம்மதந்தானே?' என்று வினவுவது கேட்பது ஆகாது. அது முடிவை அறிவிப்பதுதான்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். எந்தக் குழந்தையும் தான் பிறக்கும் ஊரைத் தானே தேர்வதில்லை. இருக்கும் இடத்திலேயே இருப்பதும் பெற்றோர் எடுக்கும் முடிவுதானே? களைத்த தந்தையும் பொறுமையிழந்த தாயும் நகரத்திலும் குழந்தையிடமிருந்து ஏதோ ஒன்றைப் பறிக்கவே செய்கிறார்கள். இடம் பெயராததால் மட்டும் எவரும் நல்ல பெற்றோர் ஆகிவிடுவதில்லை.

இது உண்மை. ஆகவே, 'பெற்றோருக்கு இந்த உரிமை உண்டா?' என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டால் விடை கிடைக்காது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வேய் வேறொரு வழியைக் காட்டுகிறார். 1942-இல் பெற்றோருடன் தாயகம் விட்டு நீங்கி, நியூயார்க் வழியாக லண்டன் சேர்ந்தவர் அவர். தம் 34-ஆம் வயதில் இங்கிலாந்திலேயே மறைந்த 1943-ஆம் ஆண்டில், மனிதனின் வேர்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1949-இல் வெளிவந்தது. உரிமைக்கு முன்னே நிற்பது கடமை என்பது அவர் துணிபு. வேர்கொள்வது ஆன்மாவின் தலையாய தேவைகளுள் ஒன்று; மனிதருக்கு ஒன்றல்ல, பல வேர்கள் வேண்டும்; ஒரு சமூகத்தின் வாழ்வில் உண்மையாகப் பங்கு கொள்வதாலேயே வேர் ஊன்றும் என்றும் அவர் கருதினார்.

இப்படிப் பார்த்தால் கேள்வி மாறிவிடுகிறது. பெயர்க்கலாமா என்பதோடு அது முடிவதில்லை. பெயர்த்தவர், மீண்டும் வேர் பிடிக்கும் வரை அருகில் நின்று நீர் வார்ப்பாரா? அதற்கான விலையைத் தாமே செலுத்துவாரா?

உடன் நடந்த தந்தை

இதே க்ரூஸ் மாவட்டத்தின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. வறுமையின் காரணமாக அம்மாவட்டத்து ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொத்து வேலைக்குப் பாரிஸ் சென்றார்கள். 1815-இல் அங்கே பிறந்த மார்த்தேன் நதோ என்ற சிறுவனையும், 1830-இல், பதினான்கு வயதில், அவனுடைய தந்தை பாரிசுக்கு அழைத்துச் சென்றார். அவன் கட்டடச் சிற்றாளாகத் தொடங்கினான். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராக உயர்ந்தான். 1851-இல் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு நாடு கடத்தப்பட்டபோது, இங்கிலாந்தில் பிரெஞ்சு மொழி கற்பித்து வாழ்ந்தான்.

மகன் உயர்ந்ததால் தந்தை செய்தது சரியாகிவிடாது. பலன் நன்றாக அமைந்தது என்பதைக் கொண்டு செயலை எடைபோடக் கூடாது. அதே பாதையில் அழிந்த சிறுவர்களும் உண்டு. கவனிக்க வேண்டியது தந்தையின் நடத்தையை. வயல் வேலைக்குக் கை வேண்டும் என்று வீட்டார் தடுத்தபோதும், மகன் எழுதப் படிக்கக் கற்றாக வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார். பிறகு அவனை யாரோடோ அனுப்பிவிடவில்லை; நெடுவழியைத் தாமும் அவனோடு நடந்தார். அவனுக்கு வாய்த்த அதே கடும் உழைப்பைத் தாமும் செய்துகொண்டிருந்தார். மகனிடம் கேட்ட எதையும் அவர் தமக்கு விலக்கிக்கொள்ளவில்லை.

அந்தத் தந்தையை ஓட்டியது வறுமை. இன்று கல்வீட்டைத் தேடி வருபவரை அழைப்பது விருப்பம். தேவையால் நேரும் துன்பத்தைக் குழந்தையும் ஓரளவு புரிந்துகொள்ளும். விருப்பத்தால் நேரும் துன்பத்துக்கு விளக்கம் கூறும் கடமை பெரியோருக்கு அதிகம். ஆகவே விருப்பத்தால் இடம் பெயர்பவர், தேவையால் பெயர்ந்தவரைவிடக் கூடுதலாகவே தரக் கடமைப்பட்டவர்.

செலுத்த வேண்டிய விலை

அந்த விலை என்ன? முதலாவது, மொழி. பிள்ளை கற்கட்டும் என்று விட்டுவிடாமல், புறப்படும் முன்பே பெற்றோர் பிரெஞ்சு கற்கத் தொடங்க வேண்டும். கடைத்தெருவில் பிழையாகப் பேசி நாணும் துன்பத்தைத் தாமும் ஏற்க வேண்டும். மருத்துவரிடம் செல்லும்போது, தேவையானால் வயது வந்த ஒருவரைத் துணைக்கு அழைக்க வேண்டுமே தவிர, மகளை அழைக்கலாகாது.

இரண்டாவது, காலம். கோடையில் மலர்ந்த தோட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பது எளிது. பிற்பகலிலேயே இருள் கவியும் குளிர்காலத்தில், பேருந்து நேரத்தையும் பள்ளியின் தொலைவையும் அளந்து பார்த்து முடிவெடுப்பதே விவேகம். மகனின் வயது தடையாக இருந்தால், அவன் படிப்பு ஒரு கட்டத்தை அடையும் வரை கனவைத் தள்ளிப் போடுவதும் ஒரு தவம்தான்.

மூன்றாவது, பழைய வேர். புதிய மொழி வந்ததும் தாய்மொழி பேச்சளவில் நின்று, எழுத்தை இழந்துவிடும். வீட்டில் அதைப் படிக்கவும் எழுதவும் வைப்பதும், தாத்தா பாட்டியின் உறவை அறுந்துவிடாமல் காப்பதும் பெற்றோரின் பொறுப்பு.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. பிள்ளை உண்மையில் வாடுகிறது என்று தெரிந்தால் திரும்பிச் செல்லவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். மக்கள் குறைந்துவரும் பகுதியில் வீட்டை வாங்குவது எளிது; விற்பது எளிதன்று. அதைவிடக் கடினம், 'தவறாக எண்ணிவிட்டோம்' என்று உறவினர் முன் ஒப்புக்கொள்வது. கையிருப்பு முழுவதையும் கல்லிலும் கூரையிலும் கொட்டிவிட்டவர், திரும்பும் வழியைத் தாமே அடைத்துக்கொள்கிறார். தம் கனவின் மேல் வைத்த பற்றைத் தம் குழந்தையின் மேல் வைத்த அன்பு என்று அவர் மயங்கவும் கூடும்.

இக்கேள்வி பிரான்சுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் உரியதன்று. மாற்றல் உத்தரவை ஏற்று ஆண்டின் நடுவில் மொழி தெரியாத மாநிலத்துக்குப் பிள்ளைகளோடு ரயிலேறும் குடும்பமும் இதே கேள்வியைத் தன் பெட்டிகளோடு சுமந்தே செல்கிறது. எங்கே போகிறோம் என்பதைக் காட்டிலும், போன இடத்தில் யார் அதிகம் தாங்குகிறார்கள் என்பதே அறத்தின் அளவுகோல்.

க்ரூஸ் மாவட்டத்தில் ஒரு குளிர்கால மாலை. சமையலறை மேசையில் தந்தை தம் பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறார். எதிரே மகன் தன் வரலாற்றுப் பாடத்தோடு போராடுகிறான். தந்தை ஒரு வாக்கியத்தைத் தப்பாக உச்சரிக்கிறார், மகன் திருத்துகிறான். தந்தை மீண்டும் சொல்கிறார், மீண்டும் தவறுகிறது. இந்த நாட்டில் இப்போது அவர்கள் இருவரும் ஒரே வகுப்பு மாணவர்கள். அந்த மேசையைத் தேடி நாள்தோறும் வந்து அமர்கிற பெற்றோர்க்குத் தம் கனவைக் குழந்தையோடு பகிர்ந்துகொள்ளும் தகுதி உண்டு.