இரண்டு பிடி சாதம்

சென்ற மாதம் என் அத்தையைக் கண் டாக்டரிடம் காட்டுவதற்காக ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்கு அழைத்துப் போயிருந்தேன். டாக்டர் எங்களை விட்டபோது மணி ஒன்று. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஓட்டலில் இலை போட்டு உட்கார்ந்தோம். அத்தைக்கு எண்பது வயது. கொஞ்சம்தான் சாப்பிட்டாள். பில் வந்தது. சாப்பாடு 140 ரூபாய் வீதம் இருவருக்கும், 5 சதவீத வரியும் சேர்த்து, 294 ரூபாய்.

"ஏண்டா, ரெண்டு பிடி சாதம், ஒரு கரண்டி சாத்தமுது. இதுக்கா இவ்வளவு? கத்திரிக்காயும் பூசணிக்காயும்தானே!" என்றாள் அத்தை.

நம்மில் பலரும் கேட்கிற கேள்விதான். காந்தி மார்க்கெட்டில் காய் என்ன விலை என்பது தெரியும். அதனால் ஓட்டல்காரன் கொள்ளையடிக்கிறான் என்று தோன்றுகிறது. ஆனால் நாம் காய்க்கு மட்டுமா பணம் கொடுக்கிறோம்? வீட்டுக்கு வருகிற 14.2 கிலோ சிலிண்டர் அங்கே எரிவதில்லை; வியாபாரத்துக்கென்று விற்கிற 19 கிலோ சிலிண்டர்தான் எரிகிறது. இடத்துக்கு வாடகை, இலைக்கு விலை, காய் நறுக்குகிறவருக்கும் பரிமாறுகிறவருக்கும் சம்பளம். காய் மலிவாக இருக்கலாம். அதை நறுக்குகிற கை மலிவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது தர்மமில்லை.

இவ்வளவும் சொன்னேன். அத்தை அசையவில்லை. "சரி, நான் சாப்பிடாத பாக்கி எங்கே போச்சு?" என்றாள்.

எதிர் மேஜையில் மூட்டை தூக்கிக் காய்த்த தோள்களோடு ஓர் இளைஞன் மூன்றாம் முறை சாதம் வாங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கும் 140 ரூபாய்தான். இது நியாயமா? கணக்குப்படி இல்லை. அளவுச் சாப்பாடு என்று கிண்ணங்களில் வைத்து, மேற்கொண்டு கேட்கும் சாதத்துக்குத் தனியாகக் காசு வாங்குவதே கணக்குக்கு நியாயம். ஆனால் அந்த நியாயத்தில் அவன் அரை வயிற்றோடு எழுந்திருப்பான்.

நம் ஊருக்குச் சோறு போடுவது புதிதல்ல. திருச்சியிலிருந்து ஆண்ட ராணி மங்கம்மாள் சத்திரங்கள் கட்டினாள். ஸ்ரீரங்கம் கோயிலில் 2012-லிருந்து நாள் முழுவதும் அன்னதானம். அங்கெல்லாம் கொடுப்பவர் கொடுக்கிறோம் என்று அறிவார். வாங்குபவரும் வாங்குகிறோம் என்று அறிவார். முழுச் சாப்பாட்டிலோ இருவருக்கும் தெரியாது. அத்தைக்குப் புண்ணியமில்லை; அந்த இளைஞனுக்குத் தலைகுனிவும் இல்லை. விலை கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

140 ரூபாய் இல்லாதவனுக்கு இந்தப் பந்தியில் இடமில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 2013-ல் அம்மா உணவகம் தொடங்கி, சாம்பார் சாதத்துக்கு 5 ரூபாய் விலை வைத்தது அவனுக்காகத்தான். ஓட்டல் முதலாளியும் தர்மத்துக்காகக் கடை நடத்தவில்லை. குறைவாகச் சாப்பிடுகிறவர்களை நம்பியே நடத்துகிறார். ஆனாலும் பசிக்கிறவன் வயிறு நிரம்புகிறது. பாதி இலையோடு எழுந்து போகும் நான், விலையைக் குறித்துப் புலம்புமுன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது.

அத்தையிடம், "உன் பாக்கி அங்கே போகிறது" என்று எதிர் மேஜையைக் காட்டினேன். அவள் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மோர் விட்டுக்காம எழுந்துக்கப் போறான் பார். சர்வரைக் கூப்பிட்டு விடச் சொல்லுடா" என்றாள்.